கரப்பானும் பத்தியமும்

மார்கழி பிறந்ததும் எலப்புள்ளிப் பக்கத்தில் கிழக்குக் காற்று வீசத் தொடங்கிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையிலே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே, கோவைச் சீமையின் வறண்ட காற்று தடையின்றி நம் வாசலுக்கு வருகிறது. பனையோலைகள் இரவெல்லாம் சலசலக்கும். பெரியவர்களுக்கு உதடு வெடிக்கும். கைக்குழந்தைகளுக்கோ கன்னம் சிவந்து, முழங்கை, முழங்கால் மடிப்புகளில் தோல் தடித்து, உறக்கத்தைக் கெடுக்கும் அரிப்புக் கிளம்பும். இதனை நம்மவர் கரப்பான் என்பர். மருத்துவர் எக்சிமா என்பர்.

இப்பருவத்தில் நம் சங்கத்துத் தாய்மார் பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தப் பண்டத்தை நிறுத்த வேண்டும்?"

கேள்வி புதியதன்று. கத்தரிக்காய், கருவாடு, நிலக்கடலை முதலியவற்றுக்குக் 'கரப்பான் பண்டம்' என்றே பெயரிட்டு ஒதுக்கி வந்தவர்கள் நாம். ஊரிலிருந்து பாட்டியார் கைபேசியில் ஒன்றை விலக்கச் சொல்வார். அடுத்த வீட்டு மலையாளத்து அம்மையார் வேறொன்றைச் சொல்வார். முதலில் முட்டை போகும். பின் பால், பின் மீன், பின் கோதுமை. தாய்ப்பால் கொடுப்பவளாயின் அவளுக்கும் பத்தியம். ஈற்றில் எஞ்சுவது கஞ்சித் தண்ணீர். கரப்பான் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்!

இது சிரித்துத் தள்ளத்தக்க செய்தியன்று. 2001ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழொன்றில் 22 மாதக் குழந்தையொன்றின் வரலாறு வெளியாயிற்று. அதற்கு நெடுநாளாய்க் கரப்பான் இருந்தது. பால் ஒத்துக்கொள்ளவில்லை என வீட்டார் எண்ணினர். தாய்ப்பாலை நிறுத்தியபின் அரிசியிற் செய்த பானமொன்றையே கொடுத்து வந்தனர். புரதக் குறைவினால் உடல் வீங்கும் குவாஷியோர்கர் என்னும் நோய் அக்குழந்தையைப் பற்றிற்று. பஞ்ச நாடுகளில் காணும் நோய் செல்வம் கொழிக்கும் நாட்டில், அன்புடைய பெற்றோரின் வீட்டில் வந்தது. கஞ்சித் தண்ணீரை நம்பும் நமக்கு இஃது அயலார் கதையன்று.

கரப்பான் முதலாவதாகத் தோலின் நோய். ஈரத்தை உள்ளே காத்து அயற்பொருளை வெளியே நிறுத்தும் சுவர் போன்றது தோல். சில குழந்தைகளுக்கு அச்சுவர் பிறவியிலேயே நொய்ம்மையாக உள்ளது. பிலாக்ரின் என்னும் புரதத்தை ஆக்கும் மரபணுவின் குறை இதற்கொரு பெருங்காரணம் என்று 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறிஞர்கள் காட்டினர். உணவு ஒவ்வாமை பல குழந்தைகளிடம் இதன் பின்னால் வருவதேயாகும். வாய் வழியே சென்ற உணவை உடல் உறவாகக் கொள்ளப் பழகுகிறது. வெடித்த தோல் வழியே புகுந்த உணவுத் துகளைப் பகையாகக் கொள்கிறது. இது லண்டன் மருத்துவர் கிடியன் லாக் முன்வைத்த கருத்து.

2015இல் அவர் குழுவினர் வெளியிட்ட சோதனை உலகப் புகழ் பெற்றது. கடுங்கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உடைய 640 கைக்குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நிலக்கடலை உணவைக் கொடுத்தும் மற்றதற்கு அடியோடு விலக்கியும் வளர்த்தனர். 5 வயதில் பார்த்தபோது, விலக்கியவரில் நூற்றுக்கு 17 பேருக்குக் கடலை ஒவ்வாமை இருந்தது; உண்டவரில் 3 பேருக்கே இருந்தது. பாட்டியரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. ஒவ்வாமைக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு 3 வயதுவரை கடலை கூடாதென்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமே 2000இல் சொல்லி, 2008இல் அதனைக் கைவிட்டது. படித்தவர் பத்தியமும் பத்தியந்தானே!

ஆகவே தோலை முதலிற் பேணுக. நாள்தோறும் இளஞ்சூட்டு நீரில் 5 முதல் 10 நிமிடக் குளியல் போதும். நுரை பொங்கும் சோப்பும் தேய்க்கும் நாரும் வேண்டா. துணியால் ஒற்றி, ஈரம் உலருமுன்னரே பெட்ரோலியம் ஜெல்லியோ மணம் சேர்க்காத களிம்போ தாராளமாகப் பூசுக. இரவிலும் ஒருமுறை பூசுக. வெடித்த தோலிற் கடலைமாவும் பயற்றமாவும் தேய்ப்பதை, மேற்சொன்ன நியாயத்தின்படி, விடுவதே நன்று என்பது நம் எண்ணம். சிவந்து கொதிக்கும் இடத்துக்கு மருத்துவர் ஸ்டீராய்டு களிம்பு எழுதினால், அஞ்சி முதல் நாளோடு நிறுத்திவிடாமல் அவர் சொன்ன அளவும் நாளும் போடுக. கடையில் தாமே கேட்டு வாங்கும் பழக்கம் மட்டும் ஆகாது. இத்தகைய களிம்புகள் பலவற்றை 2018இல் மத்திய அரசு மருத்துவர் சீட்டுக்கு உட்படுத்தியது காரணமின்றியன்று.

இதனால் ஒவ்வாமை என்பதே பொய் என்று எவரும் கொள்ளற்க. உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடலெங்கும் தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி, இருமல் தோன்றினால் அஃது உண்மை ஒவ்வாமையின் குறி. மூச்சுத் திணறினாலோ குழந்தை துவண்டாலோ ஒரு நொடியும் தாமதியாது 108ஐ அழைக்க வேண்டும். அப்போது உயிர் காப்பது தொடையிற் போடும் அட்ரினலின் ஊசியே. அத்தகைய உணவை மருத்துவர் மறுமுறை அனுமதிக்கும்வரை துளியும் தரலாகாது. பசும்பால் ஆகாத குழந்தைக்கு ஆட்டுப்பாலும் பெரும்பாலும் ஆகாது. இரண்டின் புரதமும் நெருங்கிய உறவின.

குருதிச் சோதனைத் தாளை மட்டும் கண்டு உணவை நிறுத்துவதும் தவறு. பெங்களூரு, மைசூர் வட்டாரத்துப் பெரியவர்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 26 பேருக்கு மேல் ஏதேனுமோர் உணவுக்குக் குருதியிற் குறி தென்பட்டது. உண்டால் துன்பமும் உடையவர் நூற்றுக்கு ஒருவர் அளவே! தாளையும் உண்டபின் நேர்ந்ததையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வார். ஐயமிருப்பின் மருத்துவமனையிலேயே சிறிது சிறிதாக ஊட்டிப் பார்ப்பார்.

உண்மை ஒவ்வாமை உடைய குழந்தையோடு பயணம் செய்வோருக்கு, ரயில்வேயில் இருப்பவர் என்ற முறையில் ஒரு சொல். உறையிலிட்டு விற்கும் உணவில் பால், முட்டை, மீன், நிலக்கடலை, கொட்டைகள், சோயா, கோதுமை முதலியன இருப்பின் அச்சிட வேண்டுமென்பது 2020ஆம் ஆண்டு விதி. வண்டி நிற்கும் இரண்டு நிமிடத்தில் சன்னல் வழியே வாங்கும் வடைக்கு உறையேது, அச்சேது? கட்டுச்சோறே துணை.

இங்குள்ள அங்கன்வாடிகளில் 2022 முதல் குழந்தைகளுக்குப் பாலும் முட்டையும் தருகிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆகாத குழந்தையாயின் ஆசிரியையிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு நில்லாமல், மலையாளத்தில் எழுதிய சீட்டொன்றைக் கொடுத்து வைக்க. 'கடலை ஆகாது' என்று நாம் தமிழிற் சொன்னால், அவர் கருதுவது புட்டுக்குத் தொட்டுக்கொள்ளும் கொண்டைக்கடலையை. நிலக்கடலைக்கு இங்கே கப்பலண்டி என்று பெயர். சீட்டில் அப்பெயரே இருக்கட்டும்.