பள்ளி முத்திரை எங்கே?



ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் என் மகள் வீட்டிலிருந்தே படிக்கத் தொடங்கினாள். காலை ஏழுக்கு வேன் ஏறி, டியூஷன் முடிந்து இரவு எட்டுக்குத் திரும்பிய பிள்ளை. இப்போது திண்ணையில் கணக்கு நோட்டோடு அவளைப் பார்த்தால், "ஏனுங்க, அம்மிணிக்கு மாப்பிள்ளை பாக்கறீங்களா?" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. பெண் பிள்ளை பள்ளியை விட்டால் ஊருக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்!

ஆனால் அவள் படிப்பு நின்றுவிடவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடங்கள், பதிவு 5 ஆண்டு செல்லும், ஒவ்வொன்றாக எழுதித் தேறலாம். அவளுக்குத் தோழிகள் இல்லாததுதான் குறை. சாயங்காலமானால் முகம் வாடிவிடுகிறது.

பள்ளிப் படிப்பு குறைந்தவர்களையும் கோவை மதிக்கத்தான் செய்கிறது. ஆரம்பப் பள்ளியைத் தாண்டாத கண்டுபிடிப்பாளர் ஜி.டி.நாயுடுவின் பெயரை அவிநாசி சாலையின் 10.1 கி.மீ. மேம்பாலத்துக்கு வைத்திருக்கிறோம். பொறியியல் படிக்க இத்தனை ஆண்டு எதற்கு என்று அந்தக் காலத்திலேயே அரசோடு மல்லுக்கு நின்றவர். அவர் ஊரில், சென்ற மாதம் ஒரு பேச்சுப் போட்டிக்கு என் மகள் அனுப்பிய விண்ணப்பம், பள்ளி முத்திரை இல்லையென்று திரும்பி வந்தது. போட்டி நடத்துபவர்கள் படிவத்தில் 'வீட்டில் படிப்பவர்' என்று ஒரு கட்டம் போடக் கூடாதா?

- ஒரு தாய், சிங்காநல்லூர், கோவை