ஸ்டோர்ஸ் ஊரின் இரண்டு அணிகள்



அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டோர்ஸ் என்று ஓர் ஊர். ஊர் என்பதைவிட, வயல்வெளிக்கு நடுவே ஒரு பல்கலைக்கழகம் என்று சொல்லிவிடலாம். 1881-இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கியது. இன்றும் அங்கே மாட்டுப் பண்ணை உண்டு. வளாகத்திலேயே செய்து விற்கும் ஐஸ்கிரீமுக்கு வரிசை நிற்கும். ஆனால் கனெக்டிகட் பல்கலைக்கழகம் என்றதும் அமெரிக்கர்களுக்கு நினைவு வருவது கூடைப்பந்துதான். 2025 வரையிலான கணக்கில் ஆண்கள் அணி 6 முறை தேசிய சாம்பியன்; பெண்கள் அணி 12 முறை.

2004 ஏப்ரல் 5 அன்று ஆண்கள் அணி தேசியக் கோப்பையை வென்றது. மறுநாளே பெண்கள் வென்றார்கள். பத்து ஆண்டு கழித்து, 2014 ஏப்ரல் 7, 8 தேதிகளில் அதே கதை. முதல் பிரிவுக் கல்லூரிகளில் ஒரே ஆண்டில் இரு கோப்பைகளையும் தூக்கிய பல்கலைக்கழகம் வேறு கிடையாது.

என்னை இழுத்தது அந்தச் சாதனைகூட இல்லை. யார் முந்திக்கொண்டார்கள் என்பதுதான். தேசியப் போட்டியின் அரையிறுதிக்கு முதன்முதலில் பெண்கள் போனது 1991-இல், ஆண்கள் போனது 1999-இல். முதல் கோப்பை பெண்களுக்கு 1995-இல், ஒரு தோல்வியும் இல்லாத 35 ஆட்டங்களோடு வந்தது. ஆண்களுக்கு அதுவும் 1999-இல்தான். ஆக, அந்த மாநிலத்தில் ஒரு தலைமுறைக் குழந்தைகள் முதலில் சுவரில் ஒட்டிய படம் அந்த 1995 அணியின் வீராங்கனை ரெபெக்கா லோபோவுடையதாக இருந்திருந்தால் வியப்பில்லை.

தானாக நடந்ததல்ல இது. 1985-இல் ஜீனோ ஆரியெம்மா பயிற்சியாளராகச் சேர்ந்தபோது பெண்கள் அணிக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. தோல்விகளைவிட வெற்றி அதிகமான பருவம் அதுவரை ஒன்றே ஒன்றுதான். மழை பெய்தால் ஒழுகும் பழைய கூடத்தில், தடகளக்காரர்கள் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆரியெம்மா இத்தாலியில் பிறந்து ஏழு வயதில் அமெரிக்காவுக்கு வந்தவர். பயிற்சியாளராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 31. முதல் பருவத்தில் 12 வெற்றி, 15 தோல்வி. அதற்குப் பிறகு தோல்வி மிஞ்சிய பருவமே அவருக்கு இல்லை. அவரோடு அன்று சேர்ந்த கிறிஸ் டெய்லி என்ற பெண்மணியும் இத்தனை ஆண்டுகளாகக் கூடவே இருக்கிறார். எல்லாப் பெயரும் ஒருவருக்கே போய்ச் சேரும் இடத்தில் இவரைச் சொல்லாமல் விடக் கூடாது.

பிறகு இரண்டு உதவிகள் வந்தன. 1990-இல் திறந்த கேம்பெல் அரங்கம் இரு அணிகளுக்கும் சொந்த மைதானம் ஆனது. பெரிய அலைவரிசைகள் பெண்கள் ஆட்டத்தைத் திரும்பிப் பார்க்காத காலத்தில், மாநிலத்தின் பொதுத் தொலைக்காட்சி அந்த ஆட்டங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தது. பாட்டி தாத்தாக்கள்கூட ஆட்டக்காரப் பெண்களைத் தங்கள் பேத்தியைப் போல முதல் பெயர் சொல்லிப் பேசத் தொடங்கினார்கள். திறமைக்குக் கூட்டம் தானே வரும் என்பார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். ஆட்டத்தைக் கண்ணில் காட்ட ஒருவர் வேண்டும்.

பெண்கள் அணி யாரோடு பயிற்சி செய்கிறது தெரியுமா? பல்கலைக்கழகத்தில் படிக்கும் சாதாரணப் பையன்களோடு. ஆண்கள் அணியில் இடம் கிடைக்கும் அளவுக்கு ஆட்டம் இல்லாதவர்கள், ஆனால் உயரமும் வேகமும் உள்ளவர்கள். அடுத்த வாரம் மோதப்போகும் அணியின் ஆட்ட முறையைப் படித்துக்கொண்டு வந்து, அதே போல ஆடிக் காட்டுவது அவர்கள் வேலை. ஐந்து பெண்களுக்கு எதிரே ஐந்துக்கும் மேற்பட்ட பையன்களை இறக்கி மூச்சு முட்ட வைப்பதும் ஆரியெம்மாவின் வழக்கம். உதவித்தொகை இல்லை, தொலைக்காட்சியில் முகம் வராது. ஆனாலும் அந்த இடத்துக்குப் போட்டி போட்டு வருகிறார்கள்.

ஆண்கள் அணியின் கதை இன்னும் மேடு பள்ளமானது. படிப்பில் மதிப்பெண் போதவில்லை என்று 2013-இல் தேசியப் போட்டியில் ஆடவே தடை. பலர் வேறு கல்லூரிக்கு மாறினார்கள். ஷபாஸ் நேப்பியர் என்ற வீரர் மாறவில்லை. மறு வருடம் தன் பிரிவில் ஏழாம் தரவரிசையில் நுழைந்த அந்த அணிதான் கென்டக்கியை 60–54 என்று வீழ்த்திக் கோப்பை வென்றது. தடை சரியானது என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனாலும் அந்தப் பையனின் பிடிவாதம் பிடித்திருக்கிறது.

பெண்கள் ஆட்டத்துக்கு ஸ்டோர்ஸில் கிடைத்த மரியாதை வெளியே எளிதில் கிடைத்துவிடவில்லை. 2021 தேசியப் போட்டியில் ஆண்களுக்குப் பெரிய உடற்பயிற்சிக் கூடமும் பெண்களுக்குச் சில எடைகள் வைத்த ஒரு சின்ன அடுக்கும் ஒதுக்கப்பட்டதை, ஓரிகன் வீராங்கனை ஒருவர் வீடியோ எடுத்துப் போட்டார். நாடே பார்த்தது. மூன்றே ஆண்டில், 2024-இல், பெண்கள் இறுதியாட்டத்தைப் பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 89 லட்சம் பேர். ஆண்கள் இறுதியாட்டத்துக்கு அதைவிடச் சுமார் 40 லட்சம் குறைவு. அந்த ஆண்கள் ஆட்டத்தில் வென்றது கனெக்டிகட்தான் என்பது தனி வேடிக்கை.

வாசகர்களிடம் ஒன்று கேட்க ஆசை. உங்கள் கல்லூரியில் பெண்கள் அணி ஆடும்போது பார்க்க வந்தவர்கள் யார் யார்? நீங்கள் ஆடியவராக இருந்தால், எந்த நேரத்துக்கு உங்களுக்கு மைதானம் கிடைத்தது? எழுதி அனுப்புங்கள். பழைய புகைப்படம் இருந்தால், பின்னால் பெயர்களைக் குறித்து அதையும் சேர்த்து.

அன்புடன்,
ஆசிரியர்