இடுப்பளவு கூறும் உண்மை

பங்குத் திருவிழாவுக்கு ஊர் திரும்பும் உறவினரை நாம் எவ்வாறு வரவேற்கிறோம்? சற்றுப் பருத்து வந்தவரைக் கண்டால், "நல்ல வசதியாக இருக்கிறீர்கள் போலும்!" என்று மகிழ்கிறோம். மெலிந்து வந்தவரிடம், "உடம்புக்கு என்ன? இப்படி இளைத்துவிட்டீர்களே!" என்று கவலையோடு வினவுகிறோம். பசியும் பஞ்சமும் மக்களை வாட்டிய நாட்களில் பருத்த உடல் வளத்தின் அடையாளமாக இருந்தது. இன்றோ அது பல நோய்களுக்குத் தலைவாயிலாக இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோய்க்கு ஆளாகியுள்ளனர்.

"நான் ஒன்றும் பருமனானவன் அல்லவே, எனக்கு என்ன பயம்?" என்று கேட்கும் அன்பர்கள் பலர் உண்டு. அவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று 2004-ஆம் ஆண்டில் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. புனே நகர மருத்துவர் யாஜ்னிக், ஆங்கிலேய மருத்துவர் யட்கின் ஆகிய இருவரும் தங்கள் உடலையே சோதித்துப் பார்த்தனர். உயரத்தோடு ஒப்பிட்ட உடல் எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் ஆங்கிலேயரின் உடலில் இருந்த கொழுப்பு நூற்றுக்கு 9 பங்கு. நம் நாட்டவரின் உடலிலோ 21 பங்கு! எடைக் குறியீடு இருவரையும் சமமாகக் காட்டியது. உடலின் உள்ளமைப்போ வேறாக இருந்தது.

நம்மவர்க்குக் கை கால்கள் மெலிந்திருக்க, வயிறு மட்டும் முன்னே வருவதைக் காண்கிறோம் அல்லவா? ஆபத்து அங்கேதான் இருக்கிறது. தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பைவிட, வயிற்றினுள் ஈரலையும் குடலையும் சூழ்ந்து சேரும் கொழுப்பே மிகுந்த தீங்கு விளைவிக்கிறது. அது இன்சுலின் சரிவர வேலை செய்யாதபடி தடுக்கிறது. இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. இரத்த அழுத்தம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கு வழி வகுக்கிறது. மதுவைத் தொடாதவரின் ஈரலிலும் கொழுப்புப் படிவதற்கு இது முக்கிய காரணம். மிகுந்த எடை முழங்கால் மூட்டையும் தேய்க்கிறது. பலருக்கு உறக்கத்தில் குறட்டையையும் மூச்சுத் தடையையும் உண்டாக்குகிறது. மாதவிடாய் நின்ற பின் வரும் மார்பகப் புற்றுநோய், கருப்பைப் புற்றுநோய் முதலிய பதின்மூன்று வகைப் புற்றுநோய்களோடு உடற்பருமனுக்குத் தொடர்பு உண்டு என்பதை 2016-இல் உலக ஆய்வாளர்கள் உறுதி செய்தனர்.

ஆகவே, தையல்காரரின் அளவு நாடாவை ஒவ்வொரு குடும்பமும் எடுத்துக்கொள்ளட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்து நாடாவை ஏமாற்றலாகாது! ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் (சுமார் 35½ அங்குலம்), பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் (31½ அங்குலம்) மேல் எல்லை. எடையைப் பொறுத்தவரை, நம்மவர்க்கு எடைக் குறியீடு 18.5-க்கும் 23-க்கும் இடையே இருப்பது நலம். எடுத்துக்காட்டாக, 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் ஏறத்தாழ 48 முதல் 59 கிலோ வரை இருக்கலாம். இதற்குக் குறைவான எடையும் நலமன்று. காரணமின்றி உடல் மெலியுமாயின் மருத்துவரைத் தாமதமின்றி அணுக வேண்டும்.

எல்லையைத் தாண்டியவர்கள் மனம் தளர வேண்டாம். நடிகர்களைப் போல் உடலைச் செதுக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. நீரிழிவின் வாயிலில் நின்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2002-இல் வெளியாயிற்று. எடையில் நூற்றுக்கு 7 பங்கைக் குறைப்பதும், வாரத்தில் 150 நிமிடம் உடலுழைப்பும் அவர்களுக்கு வகுக்கப்பட்ட இலக்கு. அவ்வழி நடந்தவர்களிடையே நோய் பாதிக்கு மேல், அதாவது 58 விழுக்காடு குறைந்தது. 70 கிலோ உடையவருக்கு அது 5 கிலோ மட்டுமே! சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் சீர்படுத்தியவர்களுக்கு எடை பெரிதாகக் குறையாதபோதிலும் நோய் வாய்ப்பு கால் பங்குக்கு மேல் குறைந்தது. நடந்த நடை ஒருபோதும் வீணாவதில்லை.

இனி அடுக்களைக்கு வருவோம். தட்டில் சோறு குன்றாகவும் காய் ஊறுகாய் போலவும் இருப்பதை மாற்ற வேண்டும். பாதித் தட்டைக் காய்கறியும் கீரையும் நிரப்பட்டும். பருப்பு, சுண்டல், மீன், முட்டை ஆகியவற்றுக்கு இடம் கொடுங்கள். எண்ணெய் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் போதும். நால்வர் உள்ள வீட்டுக்கு இரண்டு லிட்டர். நாளைக்கு நான்கு முறை தேநீர் அருந்தி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை சேர்ப்பவர், உலக சுகாதார நிறுவனம் நலமெனக் கூறும் ஆறு கரண்டியைத் தேநீரிலேயே தாண்டிவிடுகிறார்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். எல்லோரும் உண்டபின் இரவு பத்து மணிக்கு அமர்ந்து, வீணாகக் கூடாதே என்று மிஞ்சிய சோற்றையெல்லாம் உண்டு தீர்ப்பதைத் தியாகம் எனக் கருதாதீர்கள். அளவாகச் சமைப்பதே சிக்கனம்; குடும்பத்தோடு ஒன்றாக அமர்ந்து உண்பதே அன்பு. கணவன்மாரே, மாலையில் உங்கள் துணைவியாரும் அரைமணி நேரம் நடந்து வர வேண்டுமானால், வீட்டு வேலையில் ஒரு பங்கை நீங்கள் ஏற்றாக வேண்டும். பருமனான பிள்ளையைக் கேலிப் பெயரிட்டு அழைப்பதையும் விட்டுவிடுங்கள். கேலி எடையைக் குறைப்பதில்லை, மனத்தைத்தான் புண்படுத்துகிறது.

நம் திருச்சபை ஒருசந்தியையும் சுத்தபோசனத்தையும் நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. பகலெல்லாம் ஒறுத்து, இரவில் இரண்டு மடங்காக உண்பது ஒருசந்தியின் கருத்தன்று. தவக்காலத்தில் பழகிய அளவு, உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின்னும் நம்மோடு நிலைக்க வேண்டும். ஆனால் சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் ஒருசந்தி இருக்கலாகாது. நோயுற்றோரைத் திருச்சபை அக்கடமையிலிருந்து விலக்கியே வைத்துள்ளது.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், நம் உடலைப் பரிசுத்த ஆவியின் ஆலயமாகக் காண்கிறார். பங்கு ஆலயத்தின் சுவரில் விரிசல் கண்டால் உடனே கூடிப் பேசிச் செப்பனிடுகிறோம். அதே அக்கறையோடு, வரும் ஞாயிறன்று பூசை முடிந்து வீடு திரும்பியதும், குடும்பத்தில் உள்ள பெரியவர் அனைவரும் இடுப்பளவை எடுத்து ஒரு தாளில் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். ஓர் அங்குலம் குறைந்திருந்தாலும் அது உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் அளிக்கும் நற்கொடையாகும்.