சமஷ்டி கேட்பவர் கையில் ஒற்றையாட்சித் தபாலா?

1961ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி யாழ்ப்பாணத்திலே தந்தை செல்வநாயகம் தமிழரசுத் தபால் சேவையைத் தொடக்கி வைத்தார். மக்கள் வரிசையில் நின்று முத்திரை வாங்கினர். தபால் நடத்தும் தனியுரிமை அரசாங்கத்துக்கே உரியது என்பது சட்டம். அச்சட்டத்தை மீறுவதே அன்றைய அறப்போரின் நோக்கம். பெப்ரவரி 20 தொடக்கம் கச்சேரி வாயில்களில் நடந்த மறியலை ஏறக்குறைய இரண்டு மாதம் சகித்திருந்த ஸ்ரீமாவோ அரசாங்கம், இந்தச் சிறு முத்திரை வெளிவந்த மூன்றாம் நாள் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்தது. தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கடிதம் போகும் வழி யார் கையில் இருக்கிறது என்பது எத்துணைப் பெரிய கேள்வி என்பதைக் கொழும்பு அன்றே அறிந்திருந்தது.

நாம் அறிந்திருக்கிறோமா? வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இயங்கும் நம் அரசியற் கிளைகளைப் பாருங்கள். கூட்டத் திகதி, வேட்பாளர் தெரிவு, காணி வழக்கின் பத்திரம், தடுப்புக் காவலில் உள்ள பிள்ளைக்காகத் தாய் தந்த சத்தியக் கடதாசி, இவை யாவும் கலிபோர்னியாவிலுள்ள ஒரேயொரு கம்பனியின் வாட்ஸ்அப் வழியாகவே போகின்றன. 1949ஆம் ஆண்டு தொடக்கம் சமஷ்டி, சமஷ்டி என்று முழங்கிய மக்கள் நாம். நம்முடைய சொந்தப் பேச்சுவார்த்தையை மட்டும் அப்பட்டமான ஒற்றையாட்சியின் கீழ் ஒப்படைத்துவிட்டு உறங்குகிறோம்!

உடனே சிலர் எழுவர். “வாட்ஸ்அப்பில் எழுதுவதை எவராலும் படிக்க முடியாதே, 2016 ஏப்ரல் முதல் முனைக்கு முனை குறியாக்கம் உண்டே” என்பர். உண்மைதான், மறுக்கவில்லை. திறவுகோல் அனுப்புபவர் கருவியிலும் பெறுபவர் கருவியிலுமே இருக்கிறது. இடையில் நிற்கும் கம்பனிக்குக் கிடைப்பது பொருளற்ற எழுத்துக் குவியல். ஆனால் உறைக்குள் இருக்கும் கடிதம் வேறு, உறையின் மேல் உள்ள முகவரி வேறு. யார், யாருக்கு, எந்த வேளையில், எத்தனை தரம் எழுதினார், எந்தக் குழுவில் யார் யார் உறுப்பினர் என்ற விவரம் உறையின் மேல் இருப்பது. அதைக் குறியாக்கம் மறைப்பதில்லை. நம் தொலைபேசி இலக்கமோ தேசிய அடையாள அட்டையோடு பிணைக்கப்பட்டது.

முகவரி தெரிந்தால் என்ன கெட்டுவிடும் என்று கொழும்புத் தமிழன் கேட்பானாயின் அவனைப் போல் மறதி உடையவன் உலகில் இல்லை. 1983 ஜூலையில் வெள்ளவத்தைத் தெருக்களில் இறங்கிய காடையர் நம் கடிதங்களைப் படித்துவிட்டா வந்தனர்? அவர்கள் கையில் இருந்தது வாக்காளர் இடாப்பு. எந்த வீட்டில் எந்தப் பெயர் என்ற பட்டியல் ஒன்றே போதுமாயிருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 300க்கு மேற்பட்டோரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பினரே, அவர்கள் செய்த குற்றமென்ன? விடுதியில் தங்கியிருந்ததும் தமிழராய்ப் பிறந்ததும் தவிர வேறில்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தொடுத்த மனுவின் மேல் உயர் நீதிமன்றம் மறுநாளே தடையுத்தரவு பிறப்பித்தது. பஸ்கள் அதற்குள் போய்விட்டன.

இனி வழியை அடைப்பது. 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம் மக்கள் தாக்கப்பட்டபோது பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் ஆகியவை முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்த அன்றும் அவ்வாறே. கொட்டாஞ்சேனையில் வீட்டுக்கு வீடு ஒப்பாரி எழுந்த வேளையில், உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டெழுதும் வழி மூடப்பட்டது. 2022 ஏப்ரல் 3இல் கோட்டாபய அரசாங்கம் மக்கள் எழுச்சிக்கு அஞ்சி மீண்டும் ஒருமுறை மூடியது. பெரிய வாயில்கள் நாலைந்தே இருந்தால் பூட்டும் நாலைந்தே போதும்.

பாதுகாப்புக்காகவே என்று அரசாங்கத்தார் சொல்வர். உயிர்த்த ஞாயிறுக் கொலைகளைத் தடுக்க முடியாமற் போனது இரகசியக் குறியாக்கத்தாலா? அன்று. 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியப் புலனாய்வுத் துறை எச்சரிக்கை அனுப்பியிருந்தது. அது மேசைகளில் கிடந்தது. 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவையும் பொலிஸ், புலனாய்வுத் தலைவர்களையும் கடமை தவறியோர் எனக் கண்டு, சிறிசேன ஒருவரே 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. கையில் கிடைத்த கடிதத்தைப் படித்தும் அசையாதவர்கள், நம் கடிதம் முழுவதையும் படிக்க அனுமதி கேட்கிறார்கள்!

2024 ஜனவரி 24இல் 108 வாக்குகளுக்கு 62 என நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்க் கூற்று என்று ஆராய ஐவர் கொண்ட ஆணைக்குழுவை ஏற்படுத்தியது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ தற்காலிகம் என்ற பெயரோடு பிறந்து நாற்பது ஆண்டைக் கடந்தது. அதை நீக்குவோம் என்று வாக்களித்து 2024இல் ஆட்சிப்பீடம் ஏறியவர்களின் காலத்திலேயே, 2025 மார்ச்சில், ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது முஸ்லிம் இளைஞன் ஒருவன் அச்சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டான். அவனை விட்டுவிட்டார்கள், சட்டத்தை விடவில்லை.

ஆகவே செய்யத்தக்கது யாது? மாட்றிக்ஸ் என்றொரு செய்திமுறை 2014 முதல் உண்டு. அதன் அமைப்பு சமஷ்டி அமைப்பே, சொல்லலங்காரத்துக்காகக் கூறவில்லை. விரும்பிய எவரும் தமக்கெனச் சேவையகம் ஒன்றை நிறுவலாம். வெள்ளவத்தைக்கு ஒன்று, யாழ்ப்பாணத்துக்கு ஒன்று, மட்டக்களப்புக்கு, அட்டனுக்கு, இலண்டனுக்கு, ரொறன்ரோவுக்கு ஒவ்வொன்று. ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் தானே அதிகாரி. பொது உரையாடலில் யாவும் சமபங்காளி. உரையாடலின் பிரதி பங்குகொள்ளும் எல்லாச் சேவையகங்களிலும் இருப்பதால் ஒன்றைக் கைப்பற்றினாலும் மற்றவை பேசிக்கொண்டிருக்கும். மென்பொருளுக்கு விலையில்லை, அதன் மூலநிரலை எவரும் படித்துப் பார்க்கலாம். பிரான்ஸ் அரசாங்கம் 2019 தொடக்கம் தன் அலுவலருக்கு இதன்மேற் கட்டிய ‘சாப்’ என்பதைக் கொடுத்திருக்கிறது. ஜேர்மன் இராணுவமும் இதன்மேலேயே தன் செய்திச் சேவையை அமைத்தது. அரசுகளுக்கு ஆகும் பண்டம் குடிகளுக்கு ஆகாதாம்! 2023 மேயில் இந்திய அரசு காஷ்மீரைக் காரணங் காட்டி 14 செயலிகளை முடக்கியபோது, மாட்றிக்ஸுக்கான எலமென்ட் செயலியும் அவற்றுள் ஒன்று.

“கம்பனிக்காரன் கையிலிருந்து பிடுங்கி நம் கட்சிக்காரன் கையில் கொடுப்பதா? அவன் ஒட்டுக்கேட்க மாட்டானா?” இப்படிக் கேட்பவரை நான் மெச்சுகிறேன், நம்மவரை நன்கு அறிந்தவர் அவர். அதனாலேதான் சமஷ்டி மட்டும் போதாது, முனைக்கு முனை குறியாக்கமும் வேண்டுமென்கிறோம். சேவையகத்தை நடத்தும் செயலாளருக்கும் கடிதம் தெரியாது. முகவரிப் பதிவு அவரிடம் எஞ்சும். அதை எத்தனை நாளில் அழிப்பது என்பதைக் கிளை விதியாக எழுதி வைக்கலாம். கலிபோர்னியாவில் நம் தீர்மானம் செல்லாது.

சிக்னல் செயலியைப் பயன்படுத்துவோரைக் குறை கூறேன். 2016இல் அமெரிக்க நீதிமன்றக் கட்டளை வந்தபோது கணக்குத் தொடங்கிய நேரமும் இறுதியாக இணைந்த நாளும் தவிர அவர்களிடம் கொடுக்க எதுவுமிருக்கவில்லை. எனினும் அதுவும் ஒரே கட்டடம். பதிவு செய்யத் தொலைபேசி இலக்கமும் வேண்டும்.

எந்த மென்பொருளும் கவசகுண்டலமன்று. பூட்டுத் திறந்த கைத்தொலைபேசியைத் தடுப்புக் காவலில் பறித்துக் கொண்டால் குறியாக்கத்தால் ஆவதொன்றுமில்லை. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் அளிக்கும் வாக்குமூலமே சாட்சியமாகும் நாடு இது. இணையம் முழுவதையும் துண்டித்தால் மாட்றிக்ஸும் நிற்கும். புளூடூத் வழியாகக் கைக்குக் கை செய்தி கடத்தும் பிரயர் போன்றவை அப்போது உதவும். ஆனால் அது வெள்ளவத்தையின் ஒரு மாடிவீட்டுக்குள் செல்லுமேயன்றி யாழ்ப்பாணம் போகாது.

என் தொழிலைச் சேர்ந்த சட்டத்தரணிகளுக்குத் தனியே ஒரு வார்த்தை. சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, கட்சிக்காரர் நம்மிடம் கூறியதை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாதென நம்மைக் கட்டுப்படுத்துகிறது. வாயைக் கட்டிக்கொண்ட நாம், காவலில் உள்ளவனின் குடும்பத்தோடு எந்நேரம் பேசினோம் என்ற பதிவை ஊரறியாத கணினியில் விட்டுவைப்பது எந்த நியாயம்?

கொழும்பிலே மென்பொருள் கற்ற தமிழ் இளைஞருக்குப் பஞ்சமில்லை. காலை முதல் மாலை வரை வெளிநாட்டு வங்கிகளுக்கு நிரல் எழுதும் அவர்களிடம், வாரத்தில் ஒரு மாலையைக் கேட்கக் கட்சிகளுக்கு வாயில்லாமற் போனது ஏன்? மேடையில் மாலை தாங்கும் தலைவர்கள் இதற்கு விடையளிக்கட்டும். முதலிற் கொழும்புக் கிளைகள் இரண்டும் ஆளுக்கொரு சேவையகம் நிறுவி ஒன்றோடொன்று இணைக்கட்டும். தமிழிலேயே பொத்தான்களும் விளக்கங்களும் அமையட்டும்; எழுபது வயதுத் தாய்மார் தாமே கையாளும்வரை சோதித்துப் பார்க்கட்டும். அதன்பின் யாழ்ப்பாணத்தையும் மட்டக்களப்பையும் அழைப்போம். வாட்ஸ்அப் குழுக்களை அன்றே கலைக்க வேண்டியதில்லை. கல்யாண வாழ்த்தும் மரண அறிவித்தலும் அங்கேயே போகட்டும்.