சூரிய சக்தியும் விவசாயியின் கணக்கும்

சூரிய ஒளியால் இயங்கும் பம்புகளை ஏற்க விவசாயிகள் தயங்குவதற்கு அறியாமையே காரணம் என்று கூறுவது வழக்கமாகிவிட்டது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் நிலையை ஆராய்வோர்க்கு இக்கூற்று பொருந்தாது என்பது விளங்கும். திருமலையின் அன்னதானக் கூடத்தில் சூரிய வெப்பத்தால் நீராவி உண்டாக்கிச் சமைக்கும் முறை 2002 ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்டது. ஆகவே, கதிரவனின் ஆற்றல் அப்பகுதி மக்களுக்குப் புதிதன்று. விவசாயி தயங்குவது கணக்கு அறிந்தே ஆகும்.

ஆந்திரப் பிரதேசத்தில் 2004 ஆம் ஆண்டு முதல் விவசாயத்திற்கு மின்சாரம் இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது. 2019 இல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி குசும் திட்டமோ, தனித்து இயங்கும் சூரிய பம்பின் விலையில் மத்திய அரசும் மாநில அரசும் 30 சதவிகிதம் வீதம் அளிக்க, எஞ்சிய 40 சதவிகிதத்தை விவசாயி ஏற்கவேண்டும் என வகுத்தது. இலவச மின்சாரம் உள்ளவர் கடன்பட்டு ஒளித்தகடு வாங்க முன்வருவது அரிது. மின்கம்பி எட்டாத நிலமுடையவரும், இணைப்புக்காகக் காத்திருப்பவருமே முன்வருவர்.

பூமியின் இயல்பும் இக்கணக்கில் சேரும். இம்மாவட்டங்களில் பெரும்பகுதி கருங்கற்பாறை நிலம். பல இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் பல நூறு அடி இறங்குகின்றன. ஆழம் மிகமிக, அதே அளவு நீரை உயர்த்த அதிக சக்தி வேண்டும். 5 குதிரைத்திறன் பம்புக்கே ஏறத்தாழ 5 கிலோவாட் ஒளித்தகடுகள் தேவை.

செலவையும் மீறி விவசாயியைக் கவரக்கூடியது பகற்பொழுதின் வசதி. பலமநேர், குப்பம் பக்கங்களில் காட்டு யானைகள் வயலில் இறங்கும் இரவுகளில், நீர் பாய்ச்சச் செல்வது உயிருக்கே ஆபத்து. ஆயினும், பகலிலேயே ஒன்பது மணி நேரம் மின்சாரம் வழங்கும் ஏற்பாடு வந்தபின் இக்கவர்ச்சியும் குறைந்தது.

எஞ்சி நிற்பது வருவாய். குஜராத்தின் கேடா மாவட்டத்தில், துண்டி என்னும் கிராமத்தில் டீசல் எஞ்சினால் நீர் இறைத்து வந்த விவசாயிகள் சிலர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, சூரிய பம்புகளின் உபரி மின்சாரத்தை 2016 முதல் மின் கம்பெனிக்கு விற்றனர். டீசல் செலவு ஒழிந்ததோடு, இறைக்காமல் விட்ட நீரும் அவர்களுக்குக் காசாயிற்று. மின்சாரம் இலவசமாகவே கிடைக்கும் சித்தூரில் முதற்பயன் இல்லை. ஆதலின் இரண்டாவது பயனே விவசாயியை ஈர்க்கவேண்டும்.

நிலத்தடி நீரைக் காப்பதற்கும் இதுவே வழி. உபரிக்கு விலையில்லாத சூரிய பம்பை நாள் முழுவதும் ஓட்டினாலும் செலவில்லை. வற்றும் கிணறு மேலும் வற்றும். விலை கிடைத்தால், தேவைக்கு மேல் இறைப்பதே நஷ்டமாகும். எனவே, பிரசாரத்தினும் முதன்மையானவை மூன்று: உபரி மின்சாரத்திற்கு நியாயமான விலை, தாமதமின்றிப் பணம், பழுது நீக்கும் மெக்கானிக் அருகிலேயே இருத்தல். இவை உறுதியாயின், விவசாயியின் கணக்கு தானே மாறும்.