முதல் தவறுக்குச் சிறை எதற்கு?

மொரப்பூரில் ரயிலேறித் திருப்பூருக்குப் பிழைக்கப் போகும் இளைஞர் ஒருவர், ஊர்த் திருவிழாவில் நடந்த கைகலப்பில் முதன்முறையாகக் குற்றவாளி என்று தீர்ப்பாகிறார் என வைத்துக்கொள்வோம். மூன்று மாதச் சிறை அவருடைய வேலையைப் பறிக்கும். வாங்கிய கடனுக்கு வட்டி ஏறும். உள்ளே பழகக் கிடைப்பவர்களோ குற்றத்தையே தொழிலாகக் கொண்டவர்களாக இருக்கக்கூடும். இத்தனைக்கும் பிறகு, அந்தச் சிறைவாசத்தால் மட்டும் அடிபட்டவரின் மருந்துச் செலவுக்கு ஒரு ரூபாய்கூட வந்து சேராது. இதற்கான மாற்று வழி நம் சட்டத்திலேயே நெடுங்காலமாக இருக்கிறது.

சென்னை மாகாணம் 1936-லேயே இதற்கெனத் தனிச் சட்டம் கண்டது. 1958-ல் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்கள் நீங்கலாக மற்றவற்றில், குற்றத்தின் தன்மையையும் செய்தவரின் குணத்தையும் சூழலையும் பார்த்து, மூன்று ஆண்டுகளுக்கு மிகாத பிணைப் பத்திரத்தின் பேரில் நீதிமன்றம் ஒருவரை விடுவிக்கலாம். வயது 21-க்குக் கீழே என்றால், நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்காமல் சிறைக்கு அனுப்புவதையே சட்டம் தடுக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, சில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையைத் தண்டனையாகவே சேர்த்திருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதன்முறையாகத் திருடியவர் அதைத் திருப்பித் தந்துவிட்டால், அவருக்குரிய தண்டனை அதுதான்.

இப்படி விட்டால் பயம் போய்விடாதா, பாதிக்கப்பட்டவருக்கு நியாயம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விகள்தாம். ஆனால், நன்னடத்தைப் பிணை மன்னிப்பு அல்ல. நிபந்தனையை மீறினால், மூலக் குற்றத்துக்கே தண்டனை விதிக்க 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு இடம் தருகிறது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும்படி உத்தரவிட 5-ஆம் பிரிவு வழிசெய்கிறது. சிறை நிறைந்திருப்பது விசாரணைக் கைதிகளால்தானே, நன்னடத்தைச் சட்டம் அவர்களுக்கு எப்படி உதவும் என்றும் கேட்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 100 பேருக்கான இடத்தில் 131 பேர் இருந்தார்கள், கைதிகளில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். அவர்களுக்கு விடுதலை தர வேண்டியது ஜாமீன். அதற்காக, தீர்ப்புக்குப் பின் தேவையின்றி உள்ளே போகிறவரைத் தடுக்கும் கடமை குறைந்துவிடாது.

வழக்கறிஞர்கள் உதவாவிட்டாலும் இந்தச் சட்டத்தின் மனிதநேய நோக்கத்தை நீதிபதிகள் நிறைவேற்ற வேண்டும் என்று, வேத் பிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. நன்னடத்தைக்குத் தகுதியான வழக்கில் அதை மறுத்தால், சிறப்புக் காரணத்தைத் தீர்ப்பில் எழுத வேண்டும் என்பதும் சட்டம். எஞ்சியிருப்பது ஆள்பலம். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போகிறவரின் குடும்பம், தொழில், பழக்கம் ஆகியவற்றை நேரில் விசாரித்து எழுத அலுவலர் இல்லாவிட்டால், நீதிபதி எதை நம்பி விடுவிப்பார்? தாலுகா அளவில் போதிய நன்னடத்தை அலுவலர்களை அரசு அமர்த்த வேண்டும்; வேறு மாவட்டத்தில் வேலை செய்பவரை அங்கேயே கண்காணிக்க ஏற்பாடு வேண்டும்; இலவச சட்ட உதவி வழக்கறிஞர்கள் தண்டனைக்கு முன்பே இந்தக் கோரிக்கையை எழுப்ப வேண்டும். சிறைச் சுவர்களை உயர்த்துவதைவிட இதற்குச் செலவு குறைவு. சமூகத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்போ அதிகம்.