பெயர் எழுதாத படங்கள்



நன்றாகப் படம் கீறும் ஒரு பிள்ளையைக் கண்டால், "ஆரிட்டைப் பழகினனீ?" என்றுதான் நாம் முதலில் கேட்போம். ஒருவரிடமும் இல்லை என்றால் அரைமனதோடு தலையாட்டுவோம். 1798 டிசம்பர் 19இல், அமெரிக்காவின் பால்ரிமோர் நகரப் பத்திரிகை ஒன்றில் ஓர் உருவப்பட ஓவியர் இதையே பெருமையாக விளம்பரம் செய்தார். தானாகவே கற்றவன், இயற்கையும் உழைப்புமே தன் ஆசான்கள், தாண்டமுடியாத தடைகள் பல கண்டவன் என்று எழுதினார். பெயர் ஜோசுவா ஜோன்சன். என்ன தடைகள் என்று அதில் இல்லை.

வணிகர்களும் கப்பல் தலைவர்களும் மனைவி மக்களோடு அவர் முன்னால் வந்து அமர்ந்தார்கள். பெரும்பாலோர் வெள்ளையர். பித்தளை ஆணி வரிசையாக அடித்த கதிரைகளில் விறைப்பாக இருப்பார்கள். கைகளை அவர் அவ்வளவு நன்றாகக் கீறவில்லை என்பது எமது அபிப்பிராயம். பிள்ளைகளின் முகங்களோ மறக்கமுடியாதவை. எண்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் அவருடையவை எனக் கொள்ளப்படுகின்றன. தம் பெயரை அவர் எழுதியிருப்பது ஒன்றில் மாத்திரம்.

1824க்குப் பின் நகரத்து முகவரிப் புத்தகங்களில் அவர் இல்லை. படங்கள் சுவர்களில் தொங்கின. கீறியவர் பெயர் மறந்துபோயிற்று. அவரை ஓர் அடிமை என்று மட்டும் சில குடும்பங்களில் கதை இருந்தது. 1939இல் ஹோல் பிளெசன்ற்ஸ் என்ற வைத்தியர் அக்கதைகளையும் படங்களையும் ஒப்பிட்டு ஜோன்சனைக் கண்டுபிடித்தார். 1948இல் பால்ரிமோர் பீல் நூதனசாலையில் அவரது ஓவியங்களுக்கென்றே கண்காட்சி நடந்தது. 1987இல் இன்னொன்று, மேரிலண்ட் வரலாற்றுச் சங்கத்தில்.

அப்போதும் அவர் ஆரென்று சரியாகத் தெரியாது. ஒரு கடதாசி இல்லாவிட்டால் எம்மை நாமே நிரூபிக்கமுடியாமல் நிற்பது எமக்குப் புதிதல்லவே! ஜோன்சனின் கடதாசிகள் 1990களின் நடுப்பகுதியில்தான் நீதிமன்றப் பதிவுகளுக்குள் அகப்பட்டன. ஒன்று 1764ஆம் ஆண்டு விற்பனைச் சீட்டு: அடிமைத் தாயின் மகனான சிறுவனின் விலை 25 பவுண். வாங்கியவர் ஜோர்ஜ் ஜோன்சன் என்ற வெள்ளையர். மற்றது 1782ஆம் ஆண்டு விடுதலைப் பத்திரம். கொல்லனிடம் தொழில் பழகி முடித்ததும், அல்லது 21 வயதானதும், ஜோசுவா சுதந்திர மனிதன். அதில் ஜோர்ஜ் ஜோன்சன் அவரைத் தன் மகன் என்று ஏற்றுக்கொள்கிறார். விலை கொடுத்து வாங்கியவர் பெற்ற தகப்பன்!

வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்திடம் அவரது 'வெஸ்ற்வூட் பிள்ளைகள்' உண்டு. அனுமதி இலவசம். அந்தப் பக்கம் போகிறவர்கள், படம் சுவரில் இருந்தால், பச்சை உடுப்புப் போட்ட மூன்று பொடியன்களையும் பாருங்கள். பக்கத்தில் நிற்கும் நாயின் வாயில் என்ன இருக்கிறதென்று உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள்.